காமிரா வேட்டையின் தர்மம்

வேட்டை என்றால் ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் உரிய பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் நாமெல்லோரும் எண்ணியிருந்தோம். செத்த புலியின் முதுகில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் துப்பாக்கியும் முகத்தில் மீசையுமாக நிற்கும் பிரபுக்களின் படங்கள் பழைய அரண்மனைச் சுவர்களில் இன்றைக்கும் தொங்குகின்றன. அந்தப் படங்களில் புலி ஒன்றுதான் உயிரற்றது என்பதில்லை. அந்தக் காலத்து மனோபாவமும் இப்போது உயிரற்றுப் போய்விட்டது. 1972ஆம் வருஷத்தில் பாரத சர்க்கார் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, துப்பாக்கி சுவரில் ஏறிற்று. காமிரா தோளில் ஏறிற்று. இன்று விடுமுறை நாட்களில் ஏரிக்கரைகளிலும் மலைப் பாதைகளிலும் நீண்ட குழல் போன்ற லென்ஸைச் சுமந்துகொண்டு நடக்கும் வாலிபர்களைக் காணாத ஊர் இல்லை. கைத் தொலைபேசியிலேயே காமிரா வந்துவிட்டபடியால், வீட்டுக்கு இரண்டு போட்டோக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னாலும் பிசகில்லை.

இது நல்ல மாறுதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. ஒரு மானைச் சுட்டால் ஒருவன் ஒரு முறை தின்னலாம். அதே மானைப் படம் பிடித்தால் ஆயிரம் பேர் ஆயிரம் முறை பார்க்கலாம். மானும் தன் பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருக்கலாம். இவ்வளவு சௌகரியமான வேட்டை வேறு ஏது என்றுதான் தோன்றும்.

ஆனால் மேற்சொன்ன சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கும் நேயர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 'வேட்டை' என்ற வார்த்தைக்கு அந்தச் சட்டம் கூறும் பொருளில் கொல்லுவதும் பிடிப்பதும் மட்டும் அடங்கவில்லை. விலங்கைத் துரத்துவதும் வேட்டை. இரை வைத்து இழுப்பதும் வேட்டை. பறவைகளின், ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் வேட்டை. கையில் துப்பாக்கி இருந்ததா, காமிரா இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. அந்தப் பிராணிக்கு என்ன நேர்ந்தது என்றுதான் கேட்கிறது. ஆகவே, படம் பிடிக்கிறவர் தம்மையறியாமலே வேட்டைக்காரராகிவிடக் கூடும். எந்த இடத்தில் படம் பிராணிக்கு உதவுகிறது, எந்த இடத்தில் அதற்கு யமனாகிறது என்பதைப் பற்றியே இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம்.

புலி தானே எடுத்துக்கொண்ட படம்

நமது தேசத்தில் இந்தக் கலைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் எப். டபிள்யூ. சாம்பியன் என்பவர். 1893இல் பிறந்த இவர், அந்நாளைய ஐக்கிய மாகாணத்தில் காட்டிலாகா உத்தியோகஸ்தராக இருந்தார். மற்ற உத்தியோகஸ்தர்கள் புலித் தோல் சேகரித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் சிவாலிக் மலைக் காடுகளில் புலியின் படத்தைச் சேகரிக்கப் புறப்பட்டார். புலி நடமாடும் பாதையில் மெல்லிய கம்பி ஒன்றை மறைத்துக் கட்டி, அதைக் காமிராவோடு இணைத்து வைப்பார். இரவில் புலியின் பாதம் கம்பியில் பட்டதும் மக்னீசியப் பொடி பளிச்சென்று எரியும். காமிராவின் கண் திறந்து மூடும். படம் எடுக்கிறவர் வேறெங்கோ இருப்பார். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகும். அவ்விதம் கிடைத்த படங்களை லண்டனிலிருந்து அந்நாளில் வெளிவந்த பிரசித்தமான சித்திர வாரப் பத்திரிகை ஒன்று 1925ஆம் வருஷம் அக்டோபர் 3ந் தேதி முதல் பக்கத்தில் பிரசுரித்தது. தன் காட்டில், தன் இஷ்டப்படி நடக்கும் புலியை உலகத்தார் அன்றுதான் கண்ணால் கண்டார்கள். இரண்டு வருஷங்கழித்து, 1927இல், 'புலி நாட்டில் ஒரு காமிராவுடன்' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய புஸ்தகம் வெளிவந்தது.

சாம்பியனின் படங்கள் ஒரு பெரிய வேட்டைக்காரரின் மனத்தை மாற்றின. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட் துரைதான் அவர். ஆட்கொல்லிகளைத் தவிர மற்றப் புலிகளைச் சுடுவதை விட்டுவிட்டு, கார்பெட் சினிமாப் படக் காமிராவை எடுத்துக்கொண்டார். காமிரா ஓடும் சத்தம் புலியின் காதில் விழாதிருக்க வேண்டுமென்று, காட்டு ஓடை ஒன்றில் சின்னஞ்சிறு அணைகளைக் கட்டி நீர் விழும் ஓசையை உண்டாக்கினார் என்றால், அவருடைய பொறுமையை என்னென்பது! 1936ஆம் வருஷத்தில் நமது தேசத்தின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பிரதேசத்தில்தான் ஏற்பட்டது. பின்னாளில் அது கார்பெட்டின் பெயரையே பெற்றது.

சாம்பியன் இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். ஒரு புலியின் உடம்பிலுள்ள வரிகளைப் போல இன்னொரு புலியின் வரிகள் இருப்பதில்லை. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, புலிக்கு வரி அப்படி. படங்களை அருகருகே வைத்துப் பார்த்து, 'இது நேற்று வந்த புலி, இது வேறு' என்று அவரால் சொல்ல முடிந்தது. அன்று ஒரு மனிதரின் பொழுதுபோக்காக இருந்த அந்த யுக்தி இன்று தேசத்தின் புலிக் கணக்குக்கே ஆதாரமாகிவிட்டது. 2022ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 4 கோடியே 70 லட்சத்துக்கு மேல். அவற்றில் புலி விழுந்த படங்கள் 97,399. வரிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் 3,080 புலிகள் தனித்தனியே அடையாளம் தெரிந்தன. காமிராவில் அகப்படாதவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தபோது, பாரத நாட்டுக் காடுகளில் சுமார் 3,682 புலிகள் இருப்பதாகத் தெரிய வந்தது. ஒரு புலியைக்கூட மயக்க மருந்து கொடுத்துப் பிடிக்காமல், வாலைக்கூடத் தொடாமல், இத்தனையும் அறிந்தாயிற்று! படம் எடுப்பதால் பிராணிக்கு விளையும் நன்மைக்கு இதைவிட நேரான அத்தாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் கிருஷ்ணன்

வடக்கே போய்விட்டோமே, நம் பக்கத்தில் ஒருவரும் இல்லையா என்று நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பெயரைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அவருடைய புதல்வர் மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1996இல் காலமானார். கல்கத்தாவிலிருந்து வெளியாகும் ஆங்கிலத் தினசரி ஒன்றில் 1950 முதல் தம் அந்திமக் காலம் வரையில், ஏறக்குறைய நாற்பத்தாறு வருஷங்கள், இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதிவந்தார். தமிழிலும் அழகாக எழுதினார். இவ்வளவும் எழுதியவர் சிறந்த போட்டோ நிபுணரும் ஆவார்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். கடையில் கிடைக்கும் காமிரா போதாதென்று, பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். முதுமலை முதலிய காடுகளில் வளர்ப்பு யானையின் மேல் அமர்ந்து, காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் வருஷக் கணக்கில் கவனித்தார். 1968இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு உதவிச் சம்பளத்தைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிப் பிராணிகளைப் பற்றி விரிவான ஆராய்ச்சி நடத்தினார். 1970இல் சர்க்கார் 'பத்மஸ்ரீ' விருதளித்தது. அவருடைய படங்களில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யானை அங்கே ஏதோ காரியமாக இருக்கும்: மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டிருக்கும், கன்றுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும், மரப்பட்டையை உரித்துக்கொண்டிருக்கும். 'என்னை யாரோ பார்க்கிறார்கள்' என்ற கவலை அதன் முகத்தில் இராது. கவலையில்லாத பிராணியின் படமே உண்மையான படம் என்று ஒரே வாக்கியத்தில் இந்தக் கலையின் தர்மத்தைச் சொல்லிவிடலாம்.

வலைக்குள் விழுந்த விருந்தாளிகள்

படம் ஒரு கிராமத்தின் தலைவிதியையே மாற்றிய வரலாறு ஒன்றை இங்கே கூறவேண்டும். அமூர் வல்லூறு என்று ஒரு பறவை. கையில் எடுத்தால் ஒரு மாம்பழத்தின் கனங்கூட இராது. சைபீரியாவிலும் வட சீனத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென் ஆப்பிரிக்கப் பிரதேசங்களுக்குப் போகிறது. வழியில் அது சிரமபரிகாரம் செய்துகொள்ளும் இடங்களில் நாகாலாந்திலுள்ள தோயாங் நீர்த்தேக்கமும் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் கறுக்கும்படியாக அங்கே வந்து இறங்கும்.

2012ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பானோ ஹராலு என்ற நாகப் பத்திரிகாசிரியை, ராம்கி ஸ்ரீனிவாசன் என்ற போட்டோ நிபுணர், இன்னும் சில நண்பர்கள் ஆகியோர் அங்கே சென்றார்கள். அவர்கள் கண்ட காட்சி கல் மனத்தையும் கரைப்பது. மீன் பிடிக்கும் வலைகளை மரத்துக்கு மரம் கட்டி, இறைச்சிக்காகப் பறவைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வரை பறவைகள் மடிந்தன என்று மதிப்பிட்டார்கள். எண்ணைச் சொன்னால் யாரும் அசைவதில்லை. எத்தனையோ எண்களை நாம் காலைப் பத்திரிகையில் படித்துவிட்டுக் காப்பியைக் குடிக்கிறோம். ஆனால் வலையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கும் பறவைகளின் படமும், கொத்துக் கொத்தாகச் சுமந்துகொண்டு போகும் மனிதர்களின் படமும் வெளிவந்ததும் தேசமே திடுக்கிட்டது. அயல் நாடுகளும் திடுக்கிட்டன.

இதோடு கதை முடிந்திருந்தால், படத்தால் ஒரு கிராமத்துக்கு அபகீர்த்தி ஏற்பட்டது என்பதைத் தவிர வேறு பலன் இராது. சென்றவர்கள் படத்தைப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிச் சும்மா இருக்கவில்லை. கிராமத்துப் பெரியவர்களுடன் உட்கார்ந்து பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவையின் பிரயாணத்தைப் பற்றிச் சொன்னார்கள். சர்க்காரும், மாதாகோவிலாரும், கிராம சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். பாங்டி முதலிய கிராமங்களின் சபைகள் தாமே தடை விதித்தன. வலை விரித்தவர்களுக்கு அது நல்ல வருமானம் தந்த தொழில் என்பதை நாம் மறக்கக்கூடாது. அந்த வருமானத்தை அவர்கள் விட்டார்கள். மறு வருஷம், 2013இல், அங்கே ஒரு வல்லூறுகூடக் கொல்லப்படவில்லை. அவ்வருஷம் நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் சிறிய கருவிகளைப் பொருத்தி, அவை போகும் வழியை ஆராய்ச்சியாளர்கள் வானத்து உபகோளத்தின் மூலம் கவனித்தார்கள். அந்த மூன்றுக்கும் நாகா, வோகா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்பு வலையின் பெயராக இருந்த பாங்டி, இப்போது அரபிக் கடலைத் தாண்டிப் பறக்கும் ஒரு பறவையின் பெயராயிற்று!

காணாமற்போன ஏழு தவளைகள்

இவ்வளவு நன்மை செய்யும் காமிராவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கேரளத்து மலைக்காடுகளில், மக்கிப்போன மரக்கட்டைகளுக்கு அடியில், விரல் நுனி அளவுள்ள தவளை ஒன்று வசிக்கிறது. கரிய உடம்பில் வெளிர் நீலப் புள்ளிகள் சிதறி, அமாவாசை இரவில் நட்சத்திரங்களைப் பார்ப்பதுபோல இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் 2020ஆம் வருஷத் தொடக்கத்தில் இத்தகைய தவளைகள் ஏழை ஓரிடத்தில் கண்டார். பிறகு பெருந்தொற்று வந்தது. காட்டுக்குள் போக முடியவில்லை. அவர் திரும்பிச் சென்றபோது, மரக்கட்டை புரண்டு கிடந்தது, சுற்றியிருந்த செடிகள் மிதிபட்டிருந்தன, தவளைகளைக் காணோம்.

நடந்தது பிறகு தெரிந்தது. அந்தத் தவளையின் படத்துக்காகப் போட்டோக்காரர்கள் கூட்டங் கூட்டமாக வந்திருந்தார்கள். தவளை எந்தக் கட்டையின் கீழ் இருக்கிறதென்று தெரியாததால் எல்லாக் கட்டைகளையும் புரட்டியிருக்கிறார்கள். அகப்பட்டதைக் கையில் எடுத்து, படத்துக்கு அழகாயிருக்கும்படி வேறிடத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு தவளைகள் அப்படியே இறந்துபோயின என்று வழிகாட்டி ஒருவர் கூறினார். 2025ஆம் வருஷக் கடைசியில் இந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தபோது, படித்த பலரும் வருந்தினார்கள். தவளைக்கு மூச்சு விடும் உறுப்புகளில் தோலும் ஒன்று. ஈரம் காய்ந்தால் அதற்குப் பிராணாவஸ்தைதான். வறண்ட மனிதக் கை அதற்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே வந்தவர்களில் ஒருவராவது தவளையைக் கொல்லவேண்டுமென்று வந்திருக்க மாட்டார். அதன் அழகில் மயங்கியே வந்தார்கள். ஆசை மிகுந்துபோய் அடித்த அடி அது.

கூட்டுக்குப் பக்கத்தில்

தவளையை எல்லோரும் தேடிப் போகமாட்டார்கள். பறவைக் கூடு நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. கூட்டைப் படம் எடுப்பதில் என்ன தவறு என்று கேட்கிறவர்கள் ஆள்காட்டிக் குருவியைப் பார்க்கட்டும். அது வெட்ட வெளியில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடுகிறது. சித்திரை வெயிலில் முட்டை வெந்து போகாதிருக்க, தாயும் தந்தையும் மாறி மாறி நின்று நிழல் கொடுக்கின்றன; சில சமயம் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கின்றன. நாம் காமிராவுடன் அருகில் போய் நின்றால் அவை கத்திக்கொண்டு மேலே சுற்றும். 'ஆகா, பறக்கும்போது எவ்வளவு அழகு!' என்று நாம் பத்து நிமிஷம் படம் எடுப்போம். அந்தப் பத்து நிமிஷமும் முட்டை வெயிலில் கிடக்கிறது. பறவை கத்துவதைக் காகமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் அப்பால் போனதும் காகம் வந்து இறங்கும். நாம் அதைப் பார்க்கமாட்டோம். கிளையில் உள்ள கூட்டுக்கும் இதே கதிதான். படத்தில் குறுக்கே விழுகிறதென்று நாம் ஒதுக்கிக் கட்டும் இலைதான் அக்கூட்டின் கூரை. பருந்தின் கண்ணிலிருந்து குஞ்சுகளை மறைப்பதும் அதுவே.

இதனால்தான் இக்காலத்தில் நல்ல இயற்கைப் பத்திரிகைகளும் போட்டி நடத்துவோரும் பலர் கூட்டுப் படங்களை ஏற்றுக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் 1981ஆம் வருஷத்துச் சட்டப்படி, அருகிவரும் சில பறவைகளைக் கூட்டருகில் தொந்தரவு செய்ய நேரும் எந்தக் காரியத்துக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் படம் எடுக்கப் போனதாகச் சொல்லியும் தப்ப முடியாது.

இரவில் திரியும் தேவாங்கையும் நினைத்துப் பார்க்கலாம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022இல் தமிழ்நாடு சர்க்கார் ஏற்படுத்தியது. தேவாங்குக்கென்றே நமது தேசத்தில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுதான். மாந்திரீகத்துக்கு ஆகும் என்ற மூட நம்பிக்கையால் பிடிபட்டு மாண்ட அந்தச் சாதுப் பிராணி, பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது என்பதைப் படங்களும் கட்டுரைகளும் ஊராருக்கு எடுத்துச் சொல்கின்றன. அதே தேவாங்கின் அகன்ற கண்களுக்கு நேரே, நள்ளிரவில் பளீரென்று விளக்கைப் பாய்ச்சிப் படமெடுத்தால் அது என்ன பாடுபடும்? அதை ஆராய்கிறவர்கள் மங்கலான சிவப்பு வெளிச்சத்தையே உபயோகிக்கிறார்கள். படமெடுப்பவர்களும் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

பொய்ச் சாட்சி

பிராணிக்குத் துன்பமில்லாவிட்டாலும், பார்ப்பவருக்குத் துரோகம் செய்யும் படங்கள் உண்டு. லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலை நடத்தும் உலகப் பிரசித்தமான போட்டியில், வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் ஒன்று 2009இல் முதற்பரிசு பெற்றது. அது காட்டு ஓநாய் அன்று, பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று தீர்மானித்து, 2010இல் பரிசை ரத்து செய்தார்கள். படம் எடுத்தவர் குற்றத்தை மறுத்தார். அதே போட்டியில் பரிசு பெற்ற எறும்புதின்னியின் படம் ஒன்றில் இருந்தது பஞ்சடைத்த பொம்மை என்று நிபுணர்கள் கருதியதால், 2018இல் அந்தப் பரிசும் போயிற்று. அங்கும் எடுத்தவர் மறுக்கவே செய்தார்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வனவிலங்கின் படம் நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியைப் போன்றது. 'இந்தக் காட்டில் இந்தப் பிராணி இருக்கிறது. இதை வெட்டாதீர்கள்' என்று சர்க்காருக்கு முன்னும் ஜனங்களுக்கு முன்னும் சொல்ல அதற்கு வாய் இல்லை. படம்தான் சொல்ல வேண்டும். ஒரு சாட்சி பொய் சொன்னான் என்று தெரிந்துவிட்டால், அடுத்துக் கூண்டில் ஏறும் யோக்கியனையும் சந்தேகத்துடன்தான் பார்ப்பார்கள். இப்போது இயந்திரமே இல்லாத புலியை வரைந்து கொடுக்கிறது. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. உண்மைப் படத்தின் மதிப்பு இனி எடுப்பவரின் நாணயத்தைப் பொறுத்ததே. வளர்ப்புப் பிராணியானால் வளர்ப்புப் பிராணி என்றும், இரை வைத்து எடுத்தால் இரை வைத்தது என்றும் படத்தின் அடியில் எழுதிவிடுவது நல்லவருக்கு அழகு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தொலைபேசியில் எடுக்கும் படத்துக்குள், எடுத்த இடத்தின் விவரம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்துவிடுகிறது. அரிய பறவை ஒன்றின் படத்தை மகிழ்ச்சியோடு நாலு பேருக்கு அனுப்பினால், நாற்பதாவது ஆளாக அது கள்ள வேட்டைக்காரன் கையில் போய்ச் சேரலாம். பறவைக் கணக்கு எழுதும் பெரிய அறிவியல் தளங்கள் ஆபத்துக்குள்ளான இனங்களின் இருப்பிடத்தைத் தாமே மறைத்து வைக்கின்றன. நாமும் அப்படியே செய்யலாம். 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டால், 'தமிழ்நாட்டில்' என்று சொல்லிச் சிரித்துவிடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்வது

'இத்தனை தொல்லை இருக்குமானால் படமே எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன?' என்று சில பெற்றோர்கள் நினைக்கலாம். அது சரியன்று. பார்த்திராத ஒன்றின் மேல் யாருக்கும் பிரியம் உண்டாகாது. பிரியமில்லாத ஒன்றைக் காப்பாற்ற யாரும் முன்வரமாட்டார்கள். தோயாங் நீர்த்தேக்கத்துப் படங்கள் வெளிவராதிருந்தால் இன்றைக்கும் அங்கே வலை தொங்கிக்கொண்டிருந்தாலும் இருக்கும்.

ஆசிரியத் தொழிலில் இருப்பதால், காமிராவும் கையுமாக வரும் பிள்ளைகளிடம் நாம் வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் சொல்கிறோம். முதலில் அரை மணி நேரம் காமிராவைப் பையிலேயே வைத்திருங்கள். பிராணி என்ன செய்கிறதென்று பாருங்கள். பிறகு மெள்ள அணுகுங்கள். அது மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டதா? காதை விறைத்துவிட்டதா? பறவை அலகில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தயங்குகிறதா? அதுதான் எல்லை, அங்கிருந்து இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள். கல்லெறிந்து பறக்கவைக்காதீர்கள். பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை ஏமாற்றாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணிக் குஞ்சுகளை விட்டுவிட்டு ஓடிவரும். முதுமலை, பந்திப்பூர் வழியாகச் செல்லும் பெற்றோர்கள், யானையைக் கண்டதும் மோட்டாரை நிறுத்திக் குழந்தையை இறக்கிப் படம் எடுக்கும் விபரீத வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும். அங்கே வண்டியை நிறுத்துவது விதிக்கு விரோதம், யானைக்குத் தொந்தரவு, குழந்தைக்கும் ஆபத்து.

இதில் அன்னிய நாட்டாரிடம் கற்க வேண்டியது உண்டென்றாலும், இந்தத் தர்மம் நமக்குப் புதிதன்று. அசோகச் சக்கரவர்த்தி முடிசூடி இருபத்தாறு வருஷங்களான பிறகு பொறித்த தூண் சாசனம் ஒன்றில் கிளி, மைனா, வௌவால், ஆமை முதலியவற்றைப் பெயர் சொல்லிக் காத்தார். காரணமில்லாமல் காட்டைக் கொளுத்தக் கூடாதென்றும் கட்டளையிட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார், நாரைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்பையும் வெடியையும் பறவைகளுக்காகத் தியாகம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட கண்மாய்க்கரையில், ஒரு படத்துக்காக நாரைக் கூட்டத்தைக் கைதட்டிக் கிளப்பும் பட்டணத்து மனிதரைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதே சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு சிற்றூர். 2020ஆம் வருஷத்தில், அவ்வூர்த் தெருவிளக்குகளைப் போடும் பெட்டிக்குள் ஒரு சின்னஞ்சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. தினந்தோறும் விளக்கைப் போட்டு அணைக்கும் இளைஞர் அதைக் கண்டார். தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, ஊராருடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஊரார் பார்த்தார்கள், கூடிப் பேசினார்கள். குஞ்சு பொரித்துப் பறக்கும் வரையில் தெருவிளக்கே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஊர் இருட்டில் இருந்தது. பெண்களும் முதியவர்களும் கைவிளக்கின் வெளிச்சத்தில் நடந்தார்கள். குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்துபோன பிறகே தெருவில் வெளிச்சம் வந்தது.

அந்த இளைஞரிடம் விலையுயர்ந்த லென்ஸ் இல்லை. அந்தப் படம் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. ஆயினும் ஒரு படம் செய்யக்கூடிய காரியத்தை அது முழுக்கச் செய்து முடித்தது. அடுத்த விடுமுறையில் காமிராவைத் தூக்கிக்கொண்டு புறப்படும் நமது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர்கள் இந்த ஊரின் கதையைச் சொல்லியனுப்பினால் போதும். மற்ற விதிகளைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.